குல்ருக் கானத்தின் சுயபுத்தி

கல்கத்தா
9 ஜனவரி 1881

பெருமதிப்புக்குரிய அக்கா குல்ருக் கானம் அவர்களுக்கு,

தம்பி பாக்கிரின் ஸலாம். இறைவன் கருணையால் இங்கே நானும் ஸுக்ராவும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீங்களும் மொய்னாவும் உங்கள் ஆறுகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம். ஆறுகளையும் சேர்த்ததற்குக் கோபிக்க வேண்டாம். அவற்றின் உடம்பைத்தான் நீங்கள் அதிகம் கவனிக்கிறீர்கள்.

நல்ல செய்தி. நம் மகள் ஸகீனாவுக்கு ஆகா முர்தஸாவின் மூத்த மகனைப் பேசியிருக்கிறோம். பெரிய இடம். கவர்னர் மாளிகை விருந்துகளில் அவருக்கு நாற்காலி உண்டு. நம் பாட்டன் பாரசீகத்து ஷீராஸ் நகரத்திலிருந்து வந்தவர் என்பதில் அவருக்கு மிகுந்த மதிப்பு. நம் வம்சாவளியைச் சுருளாகவே எழுதி வாங்கிக்கொண்டார்.

அவருக்கு இரண்டு சின்ன விருப்பங்கள். ஒன்று, அவர் பங்குதாரராக இருக்கும் சணல் கம்பெனிக்கு ஆற்றில் துறையும் கிடங்கும் கட்ட நம் புதுத்திட்டு வேண்டுமாம். இரண்டாவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் படகில் ஊர் ஊராகப் போய்க் கச்சேரியில் உட்கார்ந்து வழக்குக் கேட்பதாக யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டுப் பெண்மணி இப்படி என்றால் நாலு பேர் பேசுவார்களே என்கிறார்.

யோசித்து எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
மிர்ஸா பாக்கிர் ஷீராஸி


ரூப்காட்டி
24 ஜனவரி 1881

அன்புத் தம்பி பாக்கிருக்கு,

அக்காவின் துஆ. இங்கே எல்லோரும் சுகம். ஆறும் சுகம், கொஞ்சம் இளைத்திருக்கிறது, குளிர்காலம் அல்லவா. ஸகீனாவை உச்சி முகர்ந்து முத்தமிட்டதாகச் சொல். அவளுக்காக ஈச்சவெல்லம் இரண்டு பானை அனுப்பியிருக்கிறேன். வழியில் படகுக்காரன் தின்றது போக மீதி வந்து சேரும்.

புதுத்திட்டைத் தர முடியாது.

ஐந்து வருஷத்துக்கு முன் அடித்த புயலில் கடல் ஆற்றுக்குள் ஏறி வந்ததே, அது வடிந்த பிறகு எழும்பிய மண் அது. பிணங்களைப் புதைக்க ஆளில்லாமல் ஆற்றில் விட்டுக்கொண்டிருந்த நாட்களில், வீடும் மாடும் போன முந்நூறு குடும்பங்கள் என் படித்துறையில் வந்து நின்றன. அவர்கள் தலைவன் தொராப் சர்தார் கேட்டது ஒரே கேள்வி: "அம்மா, அந்தத் திட்டு நிக்குமா, கரையுமா?" எனக்குத் தெரியாது என்றேன். "அப்ப நாங்க போய் நிக்கிறோம். எங்க பாரத்துல அதுவும் நிக்கட்டும்" என்றான். போய் நின்றார்கள். நாணல் வெட்டி, குளம் தோண்டி, தென்னை வைத்து, இன்று அங்கே நெல் விளைகிறது. நான் கொடுத்தது வாய்ச் சொல் மட்டும்தான். அதனாலேயே அதை மாற்ற மாட்டேன்.

இரண்டாவது விருப்பம். அப்பா சொத்தைப் பிரித்தபோது உனக்குக் கல்கத்தா வீடும் ஹூக்ளி தோட்டங்களும், எனக்கு ரூப்காட்டி ஜமீனும் என்று எழுதினார். பட்டணத்து வீட்டை வீட்டுக்குள் உட்கார்ந்து ஆளலாம். இங்கே எல்லையெல்லாம் தண்ணீர். வருஷத்துக்கு ஒரு தடவை அது இடம் மாறும். படகில் போகாமல் எப்படிப் பார்ப்பது? திரை போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

ஷீராஸ் ரத்தம் பற்றி: நூற்றிருபது வருஷமாக இந்த ஆற்றுத் தண்ணீரும் இலிஷ் மீன் குழம்பும் போய்ச் சேர்ந்த ரத்தத்தில் ஷீராஸ் எவ்வளவு பாக்கியிருக்கும்? உனக்குப் பாரசீக மொழியில் ஒரு கடிதம் எழுத வருமா? எனக்கு வராது. சம்பந்தியிடம் இதைச் சொல்லாதே, பாவம்.

உன் அக்கா,
குல்ருக் கானம்


கல்கத்தா
20 பிப்ரவரி 1881

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

ஸலாம். வெல்லம் ஒன்றரைப் பானை வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம்.

திட்டு விஷயத்தை விட்டுவிடுவோம். உங்கள் மனம் தெரிந்தும் கேட்டது என் தவறு.

எனக்கு இப்போது கவலை உங்கள் உடம்புதான். மச்சான் மௌத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு நாளாவது நான் கேட்டதுண்டா, இத்தனையும் தனியாகச் சுமக்கிறீர்களே, தாங்குகிறதா என்று? எனக்கே வெட்கமாக இருக்கிறது. சரியாகத் தூங்குகிறீர்களா? தலைவலி இன்னும் வருகிறதா? ஞாபகம் எப்படி? இங்கே ஒரு பெரிய ஹகீமைத் தெரியும். எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னால் மருந்து தருவார். என்னிடம் என்ன மறைவு, அக்கா? குழந்தையில் எனக்கு அம்மை போட்டபோது நாற்பது நாள் என் பக்கத்திலேயே படுத்திருந்தவர் நீங்கள். மனம் விட்டு எழுதுங்கள்.

தம்பி,
பாக்கிர்


ரூப்காட்டி
25 மார்ச் 1881

என் கண்ணான தம்பி பாக்கிருக்கு,

துஆ. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மொய்னா, "என்ன, அழுவுறீங்களா?" என்றாள். வெங்காயம் என்றேன். "நீங்க எந்தக் காலத்துல வெங்காயம் உரிச்சீங்க?" என்கிறாள். அவள் தாயிடமே நானும் பால் குடித்து வளர்ந்ததால் அவளுக்கு வாய்க்குப் பூட்டே கிடையாது.

கேட்டதனால் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை. தூக்கம் சரியாக இல்லை. வெயில் ஏறினால் இடது நெற்றி வெடிக்கிறது. ஞாபகம் பற்றிக் கேட்டாயே, போன வாரம் மொய்னாவை நம் அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவளும் "என்ன மகளே" என்று பதில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நவ்ரோஸ் அன்று எப்போதும் போல விரிப்பு விரித்து, கண்ணாடி மேல் முட்டை வைத்து, புது வருஷம் பிறக்கும்போது அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். உன் மச்சானுக்கும் ஒரு தட்டு வைத்திருந்தேன். கை தானாக வைத்துவிட்டது. வைத்த பிறகு, "இன்னைக்குமா நேரம் கழிச்சு வர்றது?" என்று அந்தத் தட்டைப் பார்த்துத் திட்டியும் விட்டேன். வேலைக்காரப் பெண்கள் மிரண்டு போனார்கள். சில நாள் அவரோடு பேசுகிறேன், பாக்கிர். வழக்குகளைப் பற்றித்தான், வேறென்ன பேச இருக்கிறது.

எழுதிய பிறகு லேசாக இருக்கிறது. ஹகீமுக்கு என் ஸலாம்.

உன் அக்கா,
குல்ருக்


கல்கத்தா
17 ஏப்ரல் 1881

அக்காவுக்கு ஸலாம்.

கடிதம் கிடைத்தது. இங்கே சுகம். மருந்து தயாராகிக்கொண்டிருக்கிறது. மச்சானோடு பேசுவது இன்னும் உண்டா? எத்தனை நாளுக்கு ஒரு முறை? ஹகீம் தெரிந்துகொள்ளக் கேட்கிறார். அடுத்த கடிதத்தில் தேதி போட்டு எழுதினால் நல்லது.

வேறு செய்தி இல்லை.

பாக்கிர்


ரூப்காட்டி
11 ஜூன் 1881

அன்புத் தம்பிக்கு துஆ.

மருந்து இன்னும் வரவில்லை, பரவாயில்லை. மழை பிடித்துவிட்டது, தலைவலி தானாகவே குறைந்தது.

வேறொன்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஜமீனை நிர்வகிக்க எனக்குத் தகுதியில்லை, சர்க்கார் ஏற்று நடத்த வேண்டும் என்று யாரோ மனுப் போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் கலெக்டர் துரையே டாக்டரோடு வந்து என்னை விசாரிக்கப் போகிறாராம். மனு யாருடையது என்று சொல்ல மறுக்கிறார்கள். அக்கரை ஜமீன்தார் மேல் எனக்குச் சந்தேகம். போன வருஷம் மீன்பிடி வழக்கில் தோற்ற ஆத்திரம் இருக்கும்.

பயமில்லை. ஆனால் ரத்த உறவில் ஓர் ஆண்பிள்ளை இந்தப் பக்கம் இருப்பதை அவர்கள் பார்த்தால் நல்லது என்கிறார் வக்கீல். நீ ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஜூலை பதினெட்டாம் தேதிக்குள் வந்துவிடு. உனக்குப் பிடித்த மேல் அறையைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டேன்.

உன் அக்கா,
குல்ருக்


ரூப்காட்டி
23 ஜூலை 1881

மிர்ஸா பாக்கிருக்கு,

நீ வரவில்லை. ஏன் என்று இப்போது தெரியும். இந்தக் கடிதத்தில் என் உடம்பைப் பற்றி ஒரு வரியும் இராது.

நடந்ததைக் கேள். திரைக்கு அந்தப் பக்கம் கலெக்டர், டாக்டர், மொழிபெயர்க்க ஒரு குமாஸ்தா. இந்தப் பக்கம் நானும் மொய்னாவும். எத்தனை கிராமம், எந்தக் கால்வாய் எல்லை, எந்த வழக்கு நிலுவை என்றெல்லாம் கலெக்டர் கேட்டார். சொன்னேன். ஒரு கால்வாயின் பெயரை அவருடைய வரைபடத்தில் தப்பாக எழுதியிருந்தார்கள். அதையும் திருத்தினேன். பிறகு டாக்டர் ஆரம்பித்தார்.

"பேகம் சாகிபாவுக்குத் தூக்கம் வருதா?"

"என் வயசுல யாருக்கு வருது? டாக்டருக்கு வருதாமா?"

குமாஸ்தா அதை மொழிபெயர்க்கத் தயங்கினான். கலெக்டர் வற்புறுத்திக் கேட்டுச் சிரித்தார்.

"செத்துப்போன புருஷனோட பேசுறதுண்டாமே? தட்டு வச்சுத் திட்டுறதுண்டாமே?"

எந்த வேலைக்காரி போய்ச் சொன்னாள் என்றுதான் முதலில் நினைத்தேன். டாக்டர் ஒரு காகிதத்தை நீட்ட, குமாஸ்தா அதைப் படிக்கத் தொடங்கினான். 'கை தானாக வைத்துவிட்டது' என்றான். என் வார்த்தை. 'வழக்குகளைப் பற்றித்தான், வேறென்ன பேச இருக்கிறது' என்றான். அந்தக் காகிதத்தைக் காட்டச் சொன்னேன். திரைக்கு அடியில் நீட்டினார்கள். என் கையெழுத்து. ஓரத்தில் நான் தின்றுகொண்டே எழுதிய வெல்லத்தின் பிசுக்கு.

மொய்னா பாய்ந்துவிட்டாள். "எழுதினது இவங்கதான் தொரை! எழுது எழுதுன்னு கெஞ்சினது யாருன்னு கேளுங்க. அந்தக் காகிதத்தையும் படிங்க!"

நான் அவள் கையைப் பிடித்தேன். பிறகு குமாஸ்தாவிடம் சொன்னேன்: "நான் சொல்றத ஒரு எழுத்து விடாம சொல்லு. ஆமா, பேசினேன். முப்பத்தஞ்சு வருஷம் பேசின மனுஷன். அவரு செத்த மறுநாள்லேர்ந்து என் வாய் மூடிக்கிட்டிருந்தா, அதுக்குப் பேர்தான் பைத்தியம். தொரைக்குச் சந்தேகமிருந்தா நாளைக்கு என் படகுல வரட்டும். என் புத்தி எங்க இருக்குன்னு காட்டுறேன்."

வந்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை, படகின் நாணல் தட்டிக்குப் பின்னால் நான், வெளியே அவர்கள். ஒவ்வொரு துறையிலும் யார் வீடு, எத்தனை உயிர், எந்தப் பசு சினை என்று சொல்லிக்கொண்டே போனேன். கலெக்டர் திடீரென்று இறங்கி விசாரிப்பார். ஓரிடத்தில் மட்டும் தப்பினேன். சினை என்று சொன்ன பசு அன்று காலையில்தான் கன்று போட்டிருந்தது. ஆற்றின் பெரிய வளைவில் அலை தூக்கியதும் டாக்டருக்குக் குடல் புரண்டது. மொய்னா தட்டி வழியாக எலுமிச்சம்பழத்தை நீட்டி, "யாருக்கு உடம்பு சரியில்லைன்னு நல்லா எழுதிக்கோங்க" என்றாள்.

புதுத்திட்டில் தொராப் சர்தார் இடுப்பளவு தண்ணீரில் வந்து படகைப் பிடித்துக்கொண்டான். "தொரை, எங்க அம்மாவுக்குப் புத்தி கெட்டதாவே இருக்கட்டும். எங்களுக்கு அந்தக் கெட்ட புத்தியே போதும்" என்றான்.

இறங்கும்போது கலெக்டர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு திரையைப் பார்த்துச் சொன்னார்: "இந்த அம்மா புத்தியில எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. அப்படியே எழுதுவேன். ஆனா முடிவு பண்றது கல்கத்தா. மனுவில கூடப்பிறந்த தம்பியோட கையெழுத்து இருக்கு. அதை அங்க பெருசா எடுத்துக்குவாங்க."

குமாஸ்தா மெதுவாகத்தான் மொழிபெயர்த்தான். நல்ல மனிதன்.

உனக்கு அம்மை போட்டபோது நாற்பது நாள் உன் பக்கத்திலேயே படுத்திருந்தேன் என்று எழுதியிருந்தாய். அது பொய்யில்லை. அதைத் தூண்டிலில் மாட்டினாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குல்ருக் கானம்


கல்கத்தா
15 ஆகஸ்ட் 1881

அக்கா அவர்களுக்கு ஸலாம்.

நோன்பு காலம். கடுமையான வார்த்தைகளை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் நோன்போடு இருக்கிறீர்களா, உடம்பு தாங்குகிறதா என்று கேட்கவும் இப்போது எனக்கு உரிமையில்லை.

எனக்கு ஒரே மகள். பட்டணத்தில் ஒரு பெண்ணைப் பெரிய இடத்தில் கொடுப்பது என்ன பாடு என்று பிள்ளையில்லாத உங்களுக்குத் தெரியாது. ஆகா முர்தஸா சொன்ன இரண்டில் ஒன்றையாவது நீங்கள் ஏற்றிருந்தால் இவ்வளவு தூரம் வந்திராது. அவருக்கு இதை முடிவு செய்யும் சர்க்கார் அலுவலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். கலெக்டர் என்ன எழுதினாலும், செப்டம்பர் இருபதாம் தேதி உத்தரவு கையெழுத்தாகிவிடும். ஜமீனை நடத்தச் சர்க்கார் மேனேஜர் வருவார். உங்களுக்கு மாதாமாதம் படி கிடைக்கும். இங்கே கிழக்குப் பக்க அறைகளை உங்களுக்காக ஒழித்துவைத்திருக்கிறேன். காற்று நன்றாக வரும்.

முன்கூட்டியே சொல்வது, நீங்கள் மனத்தைத் தயார் செய்துகொள்ளத்தான்.

பாக்கிர்


ரூப்காட்டி
28 ஆகஸ்ட் 1881

பாக்கிருக்கு,

ஈத் துஆ. தேதி சொன்னதற்கு நன்றி. உத்தரவு வரும்வரை ஜமீன் என்னுடையது என்று வக்கீல் சொல்கிறார். இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. எனக்கு வேலை இருக்கிறது.

குல்ருக் கானம்


கல்கத்தா
19 அக்டோபர் 1881

அக்கா!

என்ன காரியம் செய்திருக்கிறீர்கள்? மேனேஜர் பொறுப்பேற்கப் போனால் வீடு காலி. சாவிக்கொத்து காவல்காரனிடம் இருக்கிறது. கம்பெனி ஆட்கள் அளவெடுக்கப் புதுத்திட்டில் இறங்கினால் ஒவ்வொரு குடிசையிலிருந்தும் ஒருவன் பட்டாவைத் தூக்கிக்கொண்டு வருகிறானாம். தலைமுறை தலைமுறைக்கும் எடுக்க முடியாத நிரந்தரப் பட்டா! முந்நூற்றுப் பதினொன்று! அத்தனையும் உத்தரவுக்கு முன் தேதியில், சர்க்கார் முத்திரையோடு! எதிலும் ஓட்டையில்லை என்று மேனேஜரின் வக்கீலே கையை விரித்துவிட்டார். கம்பெனி வேறு ஆற்றுக்குப் போய்விட்டது.

ஆகா முர்தஸா வம்சாவளிச் சுருளைத் திருப்பி அனுப்பிவிட்டார். கூட ஒரு வரிகூட இல்லை. ஸகீனா சாப்பாட்டுக்கு வந்தாலும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. உங்களால் என் மகள் வாழ்வு போயிற்று. சந்தோஷமா?

எங்கே இருக்கிறீர்கள்? யாரைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். உயிரோடு இருக்கிறீர்களா என்றாவது ஒரு வரி எழுதுங்கள். ஸுக்ரா அழுகிறாள்.

பாக்கிர்


புதுத்திட்டு
16 நவம்பர் 1881

பாக்கிருக்கு அக்காவின் துஆ.

உயிரோடு இருக்கிறேன். சுகமாகவும் இருக்கிறேன், ஹகீமிடம் சொல்லலாம்.

அந்த இருபத்து மூன்று நாளில் நடந்ததைக் கேட்டிருந்தாய். பதிவு அதிகாரியை வீட்டுக்கே வரவழைத்தேன். திரைக்குள் இருக்கும் பெண்களுக்கு அந்தச் சலுகை உண்டு. வயதான, பயந்த மனிதர். ஒரு பத்திரம் என்று நினைத்து வந்தவர், படித்துறையில் கட்டியிருந்த படகுகளைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது நாள். ஒவ்வொரு பட்டாவுக்கும் அவர் சட்டப்படி கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "குல்ருக் கானம், யார் வற்புறுத்தலும் இல்லாம, சுயபுத்தியோட தான் கையெழுத்துப் போடுறீங்களா?" ஆமாம் என்பேன். எழுதிக்கொள்வார். கையெழுத்துப் போடுவேன். ஐந்தாம் நாள் என் கை வீங்கிவிட்டது. மொய்னா கடுகெண்ணெய் போட்டு நீவிக்கொண்டே, "மனுசா, இன்னும் எத்தனை தடவைதான் கேப்பே? நூறு தடவை சொல்லியாச்சுல்ல!" என்று அவரை விரட்டினாள். "கேட்டாகணும் தாயே" என்று கும்பிட்டார்.

ஆக, பாக்கிர், எனக்குப் புத்தியில்லை என்று சர்க்கார் ஒரு தடவை எழுதியிருக்கிறது. புத்தி இருக்கிறது என்று அதே சர்க்கார் தன் பதிவேட்டில் முந்நூற்றுப் பதினோரு தடவை எழுதியிருக்கிறது. நான் பெரிய எண்ணிக்கையின் பக்கம் இருக்கிறேன்.

ஜமீன் போய்விட்டது. பொய் சொல்ல மாட்டேன், வலிக்கிறது. அப்பாவின் கச்சேரி நாற்காலியில் இன்று மேனேஜர் உட்கார்ந்திருக்கிறான். முஹர்ரம் துக்கம் அனுசரிக்கும் மண்டபமான நம் இமாம்பாடாவின் சாவியும் அவனிடம்தான். அடுத்த வாரம் முஹர்ரம் பிறக்கிறது. நூறு வருஷத்தில் முதல் முறையாக நம் குடும்பம் அதற்குள் இருக்காது. இங்கே பெண்கள் மூங்கில் பந்தல் போடுகிறார்கள். ஷியா யார், சுன்னி யார் என்று யாரும் கேட்கவில்லை. ஒப்பாரி சொல்லத் தெரிந்தவர்கள் முன்னால் உட்காரலாம் என்று முடிவாகியிருக்கிறது.

ஸகீனாவின் கல்யாணம் என்னால் நின்றது உண்மை. அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன், ஸுக்ரா பேருக்கு. அவள் பதிலும் போட்டுவிட்டாள், நான்கு பக்கம். நீ அதைப் படித்திருக்க மாட்டாய். நானும் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லப்போவதில்லை. எனக்கு வரும் கடிதங்களை அடுத்தவருக்குக் காட்டும் பழக்கம் எனக்கில்லை.

மாதப் படி வேண்டாம் என்று மேனேஜருக்குச் சொல்லியனுப்பினேன். அவனே படகில் வந்தான். நான் வாசலில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன். யாரென்று தெரியாமல் கேட்டான்.

"ஏம்மா, ஜமீன்தாரம்மா இங்க இருக்காங்களாமே?"

"ஜமீன்தார் இப்ப நீங்கதான்னு சொல்றாங்களே தம்பி."

"அப்ப நீங்க யாரு?"

மொய்னா உள்ளேயிருந்து பதில் சொன்னாள்: "அவங்க என் குடி. எங்கிட்ட என்ன கேக்கணுமோ கேளு."

உனக்கும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பட்டா மொய்னா பீபியின் பேருக்கு எழுதியது. குளத்துக்கு வடக்கே, தென்னை ஐந்து உள்ள துண்டு. அதில் ஒரு மூலையை அவள் எனக்கு விட்டிருக்கிறாள். பதிலுக்கு நான் அவளுக்கு எழுத்துவேலை பார்த்துத் தர வேண்டும், அதிகாலையில் அடுப்பு மூட்ட வேண்டும். அடுப்பு மூட்ட எனக்கு இன்னும் வரவில்லை. தினமும் திட்டு வாங்குகிறேன். எனக்குத் தெரிந்து இவ்வளவு கெடுபிடியான நிலக்காரி இந்த மாகாணத்தில் கிடையாது. ஆனால் போகச் சொல்லும் உரிமை உனக்கோ சர்க்காருக்கோ இல்லை. அவளுக்கு மட்டும்தான் இருக்கிறது.

கிழக்குப் பக்க அறைகளில் வேறு யாரையாவது வை.

என்னைப் பார்க்க வர வேண்டும் என்று ஒரு நாள் தோன்றினால் வா, தடுக்க மாட்டேன். ஆனால் படகிலேயே நின்று முதலில் மொய்னாவைக் கூப்பிட்டு, இறங்கலாமா என்று அவளிடம் கேள். நிலம் அவளுடையது.

குல்ருக்
மொய்னா பீபியின் குடி